மரத்தில் செதுக்கிய பெண்ணுருவங்களும் ஆயரின் பொறுப்பும்

புதுச்சேரி நகரின் தமிழர் தெருக்களில் நவராத்திரிக் காலத்தில் கொலு வைக்கும் இல்லங்கள் உண்டு. வண்ணப் பொம்மைகளுக்கு நடுவே, ஆணும் பெண்ணுமாக இணைந்து நிற்கும் மரப்பாச்சிகளை அங்குக் காணலாம். இவை திருப்பதி வட்டாரத்தில் செம்மரத்தில் செதுக்கப்பட்டு வருபவை. திருமணத்தின்போது பெற்றோர் மகளுக்கு இவற்றைக் கொடுத்தனுப்பும் வழக்கம் பல குடும்பங்களில் உண்டு. குழந்தைகள் இவற்றைக் கொண்டு விளையாடுவர். தாய்மார் கல்லில் உரைத்து மருந்தாகவும் பயன்படுத்துவர். இத்தகைய குடும்பத்திலிருந்து கிறிஸ்துவை ஏற்றுக்கொள்ளும் ஒரு பெண், தாய் தந்த மரப்பாச்சியை என்ன செய்வது என்று வினவினால், நாம் தரும் விடை யாது?

இவ்வினா நமக்கு மட்டும் உரியதன்று. புதுச்சேரியை ஆண்ட பிரெஞ்சு அரசு நடு ஆப்பிரிக்காவிலும் ஒரு பெரும்பகுதியை ஆண்டது. அங்குக் காபோன் நாட்டின் ஃபாங் மக்கள், முன்னோரின் எலும்புகளை மரப்பட்டைப் பேழையில் வைத்து, அதன்மேல் ஆண் அல்லது பெண் உருவைச் செதுக்கிக் காவலாக நிறுத்தினர். பெல்ஜியம் ஆண்ட காங்கோவிலும் இக்கலை செழித்தது. யோம்பே மக்கள் குழந்தையை ஏந்திய தாயின் உருவைச் செதுக்கினர். லூபா மக்களின் அரச இருக்கையைத் தாங்கி நிற்பதும் பெண்ணுருவே. அரசு பெண்ணின் மேல் நிலைபெறுகிறது என்பது அதன் கருத்து.

அருட்பணியாளர் பலர் இத்தகைய உருவங்களை விக்கிரகங்கள் எனக் கருதி அழிக்கச் செய்தனர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸ் நகர ஓவியர்கள் அவற்றைக் கலை என வியந்தனர். அவற்றை வைத்திருந்தோருக்கு அவை என்ன பொருள் தந்தன என்று இரு சாராரும் பெரும்பாலும் கேட்கவில்லை. விலக்காக நின்றவர் வில்லியம் ஷெப்பர்ட். ஆப்பிரிக்க வழிவந்த இந்த அமெரிக்கப் பிரஸ்பிட்டேரியன் ஊழியர் 1890இல் காங்கோ சென்றார். கூபா மக்களின் மொழியைக் கற்று, அவர்களது கைவினைப் பொருள்களைத் திரட்டிக் காத்தார். அத்தொகுப்பு வர்ஜீனியாவின் ஹாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் உள்ளது.

வேதாகமம் இங்கு நமக்கு வழிகாட்டுகிறது. ஒரே மரத்தில் ஒரு பங்கை அடுப்பெரித்து, மறு பங்கைத் தெய்வமாக்கி வணங்குவோனை ஏசாயா 44ஆம் அதிகாரம் இடித்துரைக்கிறது. குற்றம் மரத்தில் இல்லை, வணக்கத்தில் உள்ளது. மோசே செய்த வெண்கலச் சர்ப்பம் மக்களுக்கு உயிர் தந்தது. அதற்குத் தூபங்காட்டத் தொடங்கிய பின்னரே எசேக்கியா அதை உடைத்தான் (2 இராஜாக்கள் 18:4). ராகேல் தன் தகப்பன் வீட்டுச் சுரூபங்களை எடுத்துக்கொண்டு கணவனுடன் புறப்பட்டாள் (ஆதியாகமம் 31). பிற்காலத்தில் யாக்கோபின் வீட்டார் தங்கள் கையிலிருந்த அந்நிய தெய்வங்களைக் கொண்டுவந்து கொடுத்தனர். அவன் அவற்றைக் கர்வாலி மரத்தின்கீழ்ப் புதைத்தான் (ஆதியாகமம் 35).

வலிந்து உடைப்பது வேறு, மனமுவந்து விடுவது வேறு. 1748இல் ஆங்கிலேயர் முற்றுகையின்போது, இந்நகரின் வேதபுரீசுவரர் கோயிலைப் பிரெஞ்சு ஆட்சியாளர் இடித்தனர். அதனால் மக்கள் அடைந்த துயரை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு காட்டுகிறது. கோயில் பின்னர் மீண்டும் எழுந்தது. இடிப்பு நற்செய்திக்கு வழி திறக்கவில்லை.

ஆகவே, ஆயர் மூன்றனைக் கேட்டறிதல் நலம். அப்பெண் அவ்வுருவை வணங்குகிறாளா? அதை விட்டால் தீங்கு நேரும் என அஞ்சுகிறாளா? அன்றி, அது தாயின் நினைவாக மட்டும் இருக்கிறதா? வணக்கமோ அச்சமோ இருப்பின், கிறிஸ்துவின் விடுதலையைப் பொறுமையோடு போதித்து, அவளே அதை விட்டுவிடத் துணைநிற்க வேண்டும். நினைவு மட்டுமாயின், அதைப் பறிக்க நமக்கு அதிகாரமில்லை. எனினும், பலவீன மனச்சாட்சியுள்ள சகோதரர் இடறாதபடி நடக்கவேண்டும் என்ற 1 கொரிந்தியர் 8ஆம் அதிகாரத்தின் அறிவுரையையும் அவளுக்கு எடுத்துரைப்போம்.

இவ்வனைத்திற்கும் முன்னர், அவள் சொல்வதைக் கேட்பது நம் கடமை. மரத்தில் செதுக்கிய பெண்ணைக் குறித்துத் தீர்ப்பளிக்க விரையும் திருச்சபை, தன் முன் நிற்கும் பெண்ணைக் கேளாதிருக்கலாகாது.