பால்மரக் கட்டையில் ஆழமான ஜாடி: கடைசலுக்கு முன் பிடியைக் கவனியுங்கள்

இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் பால் கொடுத்து ஓய்ந்த ரப்பர் மரம் ஒரு காலத்தில் விறகாகத்தான் போனது. 1980-களில் இருந்து அதுவே மலேசிய மேசை நாற்காலித் தொழிலின் முக்கிய மரமாகிவிட்டது. வெளிர்நிறமும் சீரான இழையும் கொண்ட இந்த மரம், லேத் எனப்படும் கடைசல் இயந்திரத்தில் கிண்ணம், பூச்சாடி கடைவதற்கும் ஏற்றது.

கிண்ணம் கடையப் பழகியவர்கள் அடுத்து ஆழமான ஜாடியில் கை வைப்பார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

பாரைக்கம்பி கணக்கு

பெரிய கல்லைக் கையால் அசைக்க முடியாது. நீளமான பாரையைக் கொடுத்து நெம்பினால் புரண்டுவிடும். ஜாடி கடையும்போதும் இதுவே நடக்கிறது. கட்டையின் அடிப்பகுதியை மட்டும் இயந்திரம் பிடித்திருக்கிறது. 30 செ.மீ. உயரத்தில் வாய்ப்பகுதியில் உளி அழுத்தினால், 10 செ.மீ. உயரத்தில் அழுத்துவதைப் போல மூன்று மடங்கு நெம்புவிசை அந்தப் பிடியின் மேல் விழும்.

20 செ.மீ. விட்டமும் 30 செ.மீ. உயரமும் உள்ள உலர்ந்த ரப்பர் கட்டை ஏறக்குறைய 6 கிலோ இருக்கும். நிமிடத்துக்கு 1,000 சுற்று என்றால் அதன் விளிம்பு மணிக்கு 38 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. பிடி விட்டால் அது பாய்வது எதிரில் நிற்பவரின் முகத்தை நோக்கியாகவும் இருக்கலாம்.

முளையும் தோளும்

கட்டையைப் பிடிக்கும் நான்கு தாடைக் கருவிக்குச் சக் என்று பெயர். அது பிடிப்பதற்காகக் கட்டையின் அடியில் வட்டமான ஒரு முளை கடைய வேண்டும். முளையின் விட்டம் ஜாடியின் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இருப்பது நல்லது.

பலர் தவறுவது முளையின் நீளத்தில். முளை நீளமாக இருந்து சக்கின் அடியைத் தொட்டால் கட்டை ஆடும். முளை சற்றுக் குட்டையாக இருந்து, அதைச் சுற்றியுள்ள தட்டையான தோள் தாடைகளின் முகத்தில் இடைவெளியின்றி உட்கார வேண்டும். நெம்புவிசையைத் தாங்குவது பெரும்பாலும் அந்தத் தோள்தான். முளையில் விரிசல் தெரிந்தால் அந்தக் கட்டையை ஒதுக்கிவிட வேண்டும்.

ஆழமும் எடையும் கூடினால், திருகாணியால் இறுக்கும் இரும்புத் தட்டே பாதுகாப்பு. இழையின் முனைப்பக்கத்தில் திருகாணிக்குப் பிடிப்பு குறைவு என்பதால் நீளமான, தடித்த திருகாணிகள் தேவை. சுவர்ப் பலகைக்கு அடிக்கும் கறுப்புத் திருகாணி எளிதில் முறியும், அது கூடாது.

குடையும் வரிசை

வெளிவடிவத்தைக் கடையும்வரை எதிர்முனைத் தாங்கியை விலக்க வேண்டாம். அடிப்பகுதியையும் ஒடுக்காமல் தடிமனாகவே விட்டுவைக்க வேண்டும். குடையத் தொடங்கும் முன், மூன்று சிறு சக்கரங்கள் கொண்ட வளையத் தாங்கியை ஜாடியின் மேல்பகுதியைச் சுற்றிப் பொருத்தினால் ஆட்டம் பெருமளவு குறையும்.

நடுவில் துளையிட்டு ஆழத்தைக் குறித்துக்கொண்டு, வாயிலிருந்து படிப்படியாகக் கீழே இறங்க வேண்டும். ஒரு படியின் சுவரை முழுதாக முடித்த பிறகே அடுத்த படி. கீழே மிச்சமிருக்கும் தடித்த மரம்தான் மேல்சுவருக்குத் துணை. அடியை நெருங்க நெருங்க நெம்புவிசை உளியின் பக்கம் மாறும். தாங்கியைத் தாண்டி உளி நீளமாக நீட்டிக்கொண்டிருப்பதால், மரம் கவ்வினால் கையை முறுக்கிவிடும். அப்போது மெல்லிய சீவலே எடுக்க வேண்டும்.

இயந்திரத்தை மிகக் குறைந்த வேகத்தில் தொடங்கி, சுழலும் கட்டைக்கு நேர் எதிரே நிற்காமல் விலகி நிற்பதும், முழு முகக் கவசம் அணிவதும் கட்டாயம். அவ்வப்போது இயந்திரத்தை நிறுத்திச் சக்கை மீண்டும் இறுக்க வேண்டும். நசுங்கிய மரம் பிடியைத் தளர்த்தியிருக்கும். கடையும் ஓசை திடீரென மாறினாலும், வேலையை விட்டு முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பிடியைத்தான்.