வேர் தேடும் பயணம்: வெள்ளிமலையில் அம்மா வழியைக் கேளுங்கள்

இங்கிலாந்தில் குவேக்கர் முன்னோரைத் தேடிப் புறப்படுகிறவர்களுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. 1652இல் நிறுவனர் ஜார்ஜ் ஃபாக்ஸ் லங்காஷயரின் பெண்டில் குன்றில் ஏறி இறங்கிய காலத்தை ஒட்டி வளர்ந்த கிறித்தவச் சபை அது. பாதிரியார் இல்லாமலே கல்யாணம் செய்துகொண்டார்கள். அது செல்லாது என்று பிறகு யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, மணமக்களின் உறுதிமொழியை எழுதி, வந்திருந்தவர்களிடம் கையெழுத்து வாங்கி வைத்தார்கள். பெண்களும் கையெழுத்திட்டார்கள். லண்டன் ஃப்ரெண்ட்ஸ் ஹவுஸ் நூலகத்தில் உட்கார்ந்து பதிவேட்டு நகல்களைப் புரட்டினால், மூன்று நூற்றாண்டுக்கு முந்தைய பாட்டியையும் பெயரோடு பார்த்துவிடலாம்.

கல்வராயன் மலைக்கு வருகிறவருக்கு அப்படி ஒரு தாள் காத்திருக்கவில்லை. இங்கே பயணத்தை வேறு மாதிரிதான் திட்டமிட வேண்டும்.

இம்மலையில் பெரும்பான்மையாக வாழும் மலையாளிப் பழங்குடியினர் (கேரளத்தோடு இவர்களுக்குத் தொடர்பில்லை, தாய்மொழி தமிழ்தான்) தங்கள் பூர்விகம் காஞ்சிபுரம் என்பார்கள். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தொகுதிகளிலும் இந்தக் கதை இருக்கிறது. காஞ்சியை விட்டுக் கிளம்பிய அண்ணன் தம்பி மூவர் சேர்வராயன், கொல்லி, பச்சை மலைகளுக்குப் பிரிந்து போனார்களாம். இதை வாசித்துவிட்டு நேரே காஞ்சிபுரத்துக்கு வண்டி ஏற நினைக்கிறவர்களை நான் தடுப்பேன். அந்த மூன்று மலைகளில் கல்வராயன் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

கல்வராயனுக்கென்று தனியாக ஒரு கதை உண்டு. 1906இல் பிரான்சிஸ் எழுதிய தென்னாற்காடு மாவட்ட கெஜட்டியர் அதைப் பதிவு செய்திருக்கிறது. மலையில் முன்பு வேடர்கள் இருந்தார்கள். வந்த மலையாளிகள் வேடர்களைக் கொன்று, அவர்கள் வீட்டுப் பெண்களை மணந்துகொண்டார்கள். அதன் அடையாளமாக அக்காலக் கல்யாணங்களில் வானத்தை நோக்கித் துப்பாக்கி சுட்டார்கள்; அந்த ஒரு வெடி, செத்துப்போன வேடக் கணவனுக்காக. பந்தலில் மேளம் கொட்டிக்கொண்டிருக்க, வெளியே ஒரு சாவுக்குக் கணக்குத் தீர்த்தார்கள்.

கதையில் பாதியாவது உண்மை என்றால், காஞ்சிபுரம் அப்பா வழி மட்டும்தான். அம்மா வழி எங்கிருந்தும் வரவில்லை, முதலிலிருந்தே இந்த மலையில்தான் இருந்திருக்கிறது. வேர் தேடுகிறவர்கள் விட்டுவிடுவது அந்த வழியைத்தான். தாத்தா, அவர் அப்பா, அவர் அப்பா என்று ஏறிக்கொண்டே போவார்கள். பாட்டி எந்த ஊரில் பிறந்தாள் என்று கேட்டால் விழிப்பார்கள்.

ஆகவே முதல் வேலை வீட்டிலேயே இருக்கிறது. நோட்டுப் புத்தகத்தின் இடப்பக்கம் பங்காளிகள், வலப்பக்கம் மாமன் மச்சான். ஒவ்வொரு பெண்ணின் பெயருக்கு எதிரிலும் பிறந்த ஊர், வாழ்க்கைப்பட்ட ஊர். இது கையில் இல்லாமல் கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறுவதில் பயனில்லை. ஏறியதும் ஊர்க்கவுண்டரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் பிறகு வீடுகளுக்குப் போங்கள். அதுதான் முறை. ஐப்பசி, கார்த்திகை மழையைத் தவிர்த்து, வெளியூர் வேலைக்குப் போனவர்கள் ஊர் திரும்பும் பொங்கலை ஒட்டிப் போனால் நல்லது. மலைமேல் உள்ள வெள்ளிமலையைச் சுற்றியுள்ள ஊர்களில் வயதான பெண்களிடம் யார் யாரைக் கட்டினார்கள் என்று கேளுங்கள். தேதி கேட்காதீர்கள். எந்தப் பஞ்சத்துக்கு முன்னால், யார் கல்யாணத்துக்குப் பின்னால் என்று கேட்டால் விடை வரும்.

காகிதத்துக்கு வருவோம். இந்த மலை சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் என்ற ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தது; 1976இல்தான் அரசு எடுத்துக்கொண்டது. அதுவரை வரி வாங்கியவர் ஜாகீர்தார் என்பதால், சமவெளிக் கிராமங்களைப் போலப் பழைய பட்டா, அடங்கல் இங்கே கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குடும்பவாரியாக எழுதிய தாள்களையும் சட்டப்படி யாரும் பார்க்க முடியாது. சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் ஜாகீர் தொடர்பான வருவாய்த் துறைக் கோப்புகளைத் தேடலாம், முன்னதாகவே விண்ணப்பித்துவிடுங்கள். இன்னொன்றும் நினைவிருக்கட்டும்: இந்தப் பகுதி கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னாற்காட்டில் இருந்தது, 1993இல் விழுப்புரத்துக்குப் போனது, 2019இல் கள்ளக்குறிச்சி மாவட்டமானது. ஒரே குடும்பத்தின் காகிதம் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி என்று எந்த அலுவலகத்திலும் கிடக்கலாம்.

குவேக்கர் குடும்பத்துப் பேரனுக்கு இந்தத் தேடல் ஓர் ஆர்வம். வெள்ளிமலைப் பேத்திக்கு அப்படியல்ல. பழங்குடிச் சான்றிதழுக்காகக் கோட்டாட்சியர் அலுவலகத்தில் நிற்கும்போது பாட்டன் பெயரும் ஊரும் கேட்பார்கள். 2006 வன உரிமைச் சட்டத்தின் 2008ஆம் ஆண்டு விதிகளில் 13ஆவது விதியை வேர் தேடுகிற ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். காட்டு நிலத்தின் மீதான உரிமைக்குச் சான்றுகளாக அது ஏற்பவற்றில் குடும்ப வம்சாவளி உண்டு. இடுகாடு, வழிபாட்டு இடம் உண்டு. பெரியவர்கள் சொன்னதை எழுதி வாங்கிய வாக்குமூலமும் உண்டு.

மலையில் சொந்தமுள்ள வாசகர்கள் இந்தப் பொங்கலுக்கே போய்விடுங்கள். எழுதிக்கொள்ளும் ஒவ்வொரு பக்கத்திலும் சொன்னவர் பெயர், ஊர், எழுதிய தேதி மூன்றையும் போட்டு, கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் கவனம்: அந்த வாக்குமூலத்தைத் தருகிறவர் உரிமை கோருகிறவராக இருக்கக் கூடாது, வேறொரு பெரியவராக இருக்க வேண்டும் என்கிறது விதி.