வெற்று அடைப்புக்குறிக்கு வந்த சோதனை!

'சீனியர் கொடுத்த புராஜெக்ட்தானே... கம்பைல் பண்ணி, பேரை மட்டும் மாத்திட்டா முடிஞ்சுது' என்று கணக்குப் போட்டிருக்கும் மக்களே, ஒரு நிமிஷம்! உங்க லேப்டாப்பில் புது லினக்ஸ் இருந்தால் கணக்கு உதைக்கும். பல வருஷமாகச் சமர்த்தாக ஓடிய சி புரோகிராம், வரிசையாக எரர் கொட்டும். கோடில் ஒரு எழுத்துகூட மாறலையே என்கிறீர்களா? மாறினது கோடு இல்லை பாஸ், சி!

மேட்டர் ஃபங்ஷன் பாயின்டரில் இருக்கிறது. லேப் எக்ஸாம் கால்குலேட்டரையே எடுத்துக்குங்க. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் என நாலு ஃபங்ஷன். அவற்றின் முகவரிகளை ஒரு அர்ரேயில் போட்டு, யூசர் கேட்பதைக் கூப்பிடுவோம். அந்த அர்ரேயை டிக்ளேர் செய்யும்போது பலரும் அடைப்புக்குறியைக் காலியாக விட்டுவிடுவார்கள். 'என்னென்ன ஆர்கியூமென்ட் வரும்னு இப்போ சொல்லலை' என்பது அதற்குப் பழைய அர்த்தம். சி23 ஸ்டாண்டர்டில், 'ஆர்கியூமென்ட் எதுவுமே கிடையாது' என்று அர்த்தம். இரண்டு எண்களைக் கொடுத்துக் கூப்பிட்டால், 'எதுக்கு இவ்வளவு?' என்று கம்பைலர் முறைக்கிறது.

கொஞ்சம் ஃப்ளாஷ்பேக்

டென்னிஸ் ரிட்சி 1970களின் தொடக்கத்தில் சி-யை உருவாக்கியபோது புரோட்டோடைப் என்ற சமாச்சாரமே கிடையாது. என்ன அனுப்புகிறோம் என்பது புரோகிராமர் பொறுப்பு, கம்பைலர் கண்டுக்காது. 1989-ல் வந்த ஆன்சி சி, புரோட்டோடைப்பை சி பிளஸ் பிளஸ்ஸிடமிருந்து வாங்கிக்கொண்டது. பழைய கோடு உடையக் கூடாதே என்று வெற்று அடைப்புக்குறியையும் விட்டுவைத்தார்கள், 'இது வழக்கொழியப் போகிறது' என்ற குறிப்போடு. அது ஒழிய 35 வருஷம் ஆனது! சி23 அதிகாரபூர்வமாக வெளியானது 2024-ல். 2025 ஏப்ரலில் வந்த ஜிசிசி 15 அதையே டிஃபால்ட் ஆக்கியது. ஃபெடோரா 42 அந்த கம்பைலரோடுதான் வந்தது.

வேண்டாத வேலையா இது? இல்லை. புரோட்டோடைப் இல்லாமல் கூப்பிட்டால், ஃப்ளோட் மதிப்பை சி டபுளாக மாற்றித்தான் அனுப்பும். வாங்கும் ஃபங்ஷனோ ஃப்ளோட்டை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும். சாதாரண 64 பிட் இன்டெல் மெஷினில் 2.5 அனுப்பிப் பாருங்க. டபுளின் 64 பிட்டில் கீழ்ப்பாதி மட்டும் படிக்கப்படும். 2.5-க்கு அந்தப் பாதி முழுக்கப் பூஜ்யம். ஆக, உள்ளே போய்ச் சேருவது 0! கிராஷ் ஆகாது, சத்தம் வராது, விடை மட்டும் தப்பு. இதைவிட எரர் எவ்வளவோ மேல்.

காஸ்ட் போட்டா சரியாயிடுமா?

ஓஎஸ் லேபில் சிக்னல் புரோகிராம் எழுதியிருப்பீங்க. கன்ட்ரோல் சி அழுத்தினால் ஓடும் ஹேண்ட்லரை, காலி அடைப்புக்குறியோடு எழுதுவதுதான் வழக்கம். சிக்னல் ஃபங்ஷன் கேட்பதோ, ஒரு இன்ட் வாங்கும் ஹேண்ட்லர். அதனால் ஜிசிசி 15-ல் இதுவும் எரர்.

உடனே ஒரு காஸ்ட் போட்டு கம்பைலர் வாயை அடைப்பது நம்ம ஊர் வைத்தியம். ஓடவும் ஓடும். 64 பிட் லினக்ஸில் அந்த இன்ட் ஒரு ரெஜிஸ்டரில் வரும், ஹேண்ட்லர் அதைப் பார்க்காமலே வேலையை முடித்துவிடும். ஆனால் ஸ்டாண்டர்ட் இதற்கு எந்த உத்தரவாதமும் தரவில்லை. இதேபோல் காஸ்ட் போட்ட ஒரு கால்பேக்கை பிரவுசரில் ஓடும் வெப்அசெம்ப்ளிக்கு மாற்றிப் பாருங்க. அங்கே பாயின்டர் வழியாகக் கூப்பிடும் ஒவ்வொரு முறையும் டைப் சரிபார்க்கப்படும். பொருந்தாவிட்டால் புரோகிராம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். பைத்தானை பிரவுசருக்குக் கொண்டுபோன பையோடைட் குழுவே இந்தத் தலைவலியில் மாட்டியது.

ஆக, ஹேண்ட்லருக்கு ஒரு இன்ட் பாராமீட்டரைக் கொடுத்துவிடுங்க, பயன்படுத்தாவிட்டாலும் பரவாயில்லை. கால்குலேட்டர் அர்ரேயில் 'இன்ட், இன்ட்' என்று எழுதிவிடுங்க. டைப்டெஃப் போட்டால் கண்ணும் வலிக்காது. க்யூசார்ட்டுக்குக் கொடுக்கும் கம்பேர் ஃபங்ஷன் இரண்டு கான்ஸ்ட் வாய்ட் பாயின்டரை வாங்கட்டும், இன்ட் பாயின்டராக மாற்றுவதை உள்ளே வைத்துக்கலாம். ஒரே டேபிளில் விதவிதமான ஃபங்ஷன்களைச் சேர்க்கணுமா? காஸ்ட் போட்டுச் சேமிக்கலாம், தப்பில்லை. கூப்பிடும் முன் பழைய டைப்புக்கே திருப்பி மாற்றிடணும், அவ்வளவுதான்.

நாளைக்கே ரிவ்யூ, கை வைக்க நேரமில்லை என்பவர்களுக்கு ஒரு தற்காலிக வழி. கம்பைல் கமாண்டில் ஸ்டாண்டர்டை 'ஜிஎன்யு17' என்று குறிப்பிட்டால் ஜிசிசி பழைய அர்த்தத்துக்கே திரும்பிவிடும். ரிவ்யூ முடிந்த அன்று சாயங்காலமே அதை எடுத்துவிட்டு, எரர் லிஸ்ட்டைப் பிரின்ட் எடுத்து உட்காருங்க. வைவாவில் எக்ஸ்டர்னல் அந்த வரியைத்தான் முதலில் பார்ப்பார்!