காதை நம்பாதே

1954இல் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடந்தது. விமானம் ஓட்டத் தெரிந்த, ஆனால் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டிப் பழகாத 20 பேரை வரவழைத்தார்கள். வெளியே எதுவும் தெரியாதபடி மறைத்துவிட்டு, பக்கத்தில் பயிற்றுநரை உட்காரவைத்து, விமானத்தை அவர்கள் கையில் கொடுத்தார்கள். மேகத்துக்குள் நுழைந்தால் எப்படி இருக்குமோ அப்படி. இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக 178 நொடியில். மூன்று நிமிடத்துக்கும் குறைவு.

குற்றம் அவர்கள் கையில் இல்லை, காதில் இருந்தது. உள்காதில் மூன்று அரைவட்டக் குழல்கள் உண்டு, உள்ளே திரவம். தலை திரும்பும்போது குழல் உடனே திரும்பிவிடும், திரவம் திரும்பாது. ஒரு டம்ளர் தண்ணீரைச் சட்டென்று சுழற்றிப் பாருங்கள்: டம்ளர் சுழலும், தண்ணீர் கொஞ்சநேரம் அப்படியே நிற்கும். அந்தப் பின்தங்கலில் குழலுக்குள் இருக்கும் நுண்முடிகள் வளைகின்றன. மூளை 'திரும்புகிறோம்' என்று தெரிந்துகொள்கிறது. ஆனால் ஒரே சீராக இருபது நொடி போலத் திரும்பிக்கொண்டே இருந்தால் திரவம் குழலை எட்டிப்பிடித்துவிடும். முடிகள் நிமிர்ந்துவிடும். விமானம் சாய்ந்து வட்டமடித்துக்கொண்டிருக்கும். உள்ளே இருப்பவரோ நேராகப் போவதாகச் சத்தியம் செய்வார்.

சாய்ந்த விமானத்தில் தூக்குவிசையின் ஒரு பங்கு பக்கவாட்டில் போய்விடுகிறது. அதனால் உயரம் குறையும். நேராகத்தான் பறக்கிறோம் என்று நம்புகிறவர் மேலே ஏற வேண்டிக் கட்டுப்பாட்டுக் கோலைத் தன்பக்கம் இழுப்பார். விமானம் ஏறாது, வட்டம்தான் இறுகும், வேகம் கூடும், சரிவு செங்குத்தாகும். ஒருவேளை சாய்வைச் சரியாகத் திருத்திவிட்டாலும், திரவம் இன்னும் நிற்காமல் ஓடுவதால் இப்போது எதிர்ப்பக்கம் திரும்புவதாகத் தோன்றும். அதை நம்பி மறுபடி பழைய சாய்வுக்கே போவார். பல லட்சம் ஆண்டுகள் தரையில் நடந்து பழகிய உடம்புக்கு இது தெரியாத ஊர்.

இந்த உடம்பைத் திருத்த முடியும் என்பதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். பயிற்சியில் மாணவர் கண்ணுக்கு மேல் ஒரு மறைப்பை மாட்டுவார்கள். கருவிப் பலகை மட்டும் தெரியும். "கண்ணை மூடு, தலையைக் குனி" என்பார் பயிற்றுநர். பிறகு விமானத்தை மெல்ல, மிக மெல்லச் சாய்ப்பார். "எந்தப் பக்கம் திரும்புகிறோம்?" மாணவர் நேராகப் போகிறோம் என்பார். கண்ணைத் திறந்தால் சாய்வைக் காட்டும் கருவியான செயற்கை அடிவானம் சாய்ந்து கிடக்கும், வேகமானியின் முள் ஏறிக்கொண்டிருக்கும். என்ஜின் விசையைக் குறை, இறக்கைகளைச் சமமாக்கு, அப்புறம் மூக்கைத் தூக்கு: இந்த வரிசை மாறக்கூடாது. காது கத்திக்கொண்டே இருக்கும். கை கண்ணின் பேச்சை மட்டும் கேட்க வேண்டும். அமெரிக்க அரசின் ஒப்புதல் பெற்ற விமானப் பள்ளியில் இந்தக் கருவிப் பயிற்சி முழுவதற்கும் குறைந்தது 35 மணி நேரம். விமான வாடகை, எரிபொருள், பயிற்றுநர் சம்பளம் என்று ஒவ்வொரு மணியும் காசு.

அந்தக் காசை முன்னாள் படைவீரருக்கு அமெரிக்க அரசு கொடுக்கிறது. 1944 ஜூன் 22 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட 'ஜி.ஐ. பில்' சட்டம் இதற்கு அடிப்படை. இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பியவர்களில் சுமார் 78 லட்சம் பேர் அதன் உதவியில் படித்தார்கள், தொழில் கற்றார்கள். ஊருக்கு ஊர் இருந்த சிறு விமானத் திடல்களிலும் கூட்டம். பறக்கும் ஆசைக்காக மட்டும் வந்தவர்களும் அதில் இருந்தார்கள். 1948இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் கதவை ஒடுக்கியது: பொழுதுபோக்குக்குப் பணம் கிடையாது, பிழைப்புக்கு மட்டும்.

அந்தக் கோடு இன்றும் அழியவில்லை. 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு பணியாற்றியவர்களுக்கான புதிய சட்டம் 2009இல் நடைமுறைக்கு வந்தது. தனியார் விமானப் பள்ளிகளுக்கு 2011 அக்டோபரிலிருந்து அது பொருந்தியது. தொடக்கத்தில் ஆண்டுக்கு 10,000 டாலர் உச்சவரம்பு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். வீட்டு வாடகைப் படி கிடையாது. முக்கியமான நிபந்தனை: தனிநபர் விமானி உரிமத்தை முதலில் சொந்தச் செலவில் வாங்கியிருக்க வேண்டும், மருத்துவத் தகுதிச் சான்றும் வேண்டும். கருவிப் பயிற்சி, வணிக விமானி உரிமம், பயிற்றுநர் தகுதி ஆகியவற்றுக்கு அதன்பிறகுதான் பணம்.

கல்லூரிப் பட்டப்படிப்பின் பகுதியாகப் பறக்கக் கற்றால் கணக்கு வேறு. அரசுக் கல்லூரிகளுக்கு உச்சவரம்பு இல்லை. இந்த ஓட்டையில் சில ஹெலிகாப்டர் பள்ளிகள் புகுந்து, ஒரு மாணவருக்கு இரண்டரை லட்சம் டாலருக்கு மேல் வாங்கியதை 2015இல் பத்திரிகைகள் வெளிக்கொண்டுவந்தன. இந்த மாதிரிச் சுரண்டலைத் தடுக்க 1952 முதலே ஒரு விதி உண்டு: ஒரு படிப்பில் அரசுப் பணத்தில் படிப்பவர்கள் 85 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. தன் காசைப் போட்டுச் சேர ஆள் இல்லாத படிப்பின் விலையை நம்ப முடியாது என்பது அதன் தர்க்கம். நல்ல விதி.

ராணுவ ஹெலிகாப்டர் விமானிகளுக்கு இந்த உதவி வேறொரு வழி திறக்கிறது. 2009இல் அமெரிக்காவின் பஃபலோ நகர் அருகே நடந்த விமான விபத்தில் 50 பேர் இறந்த பிறகு, பயணிகள் விமானத்தில் துணை விமானியாக அமரவும் பொதுவாக 1,500 மணி நேர அனுபவம் வேண்டும் என்று 2013இல் விதித்தார்கள். ராணுவ விமானிக்கு 750 போதும். ஹெலிகாப்டரில் அதைத் தாண்டியவர்கள் ஏராளம். இறக்கை விமானத்தில் பறந்த மணிகள்தான் குறைவு, அவற்றைச் சேர்க்க இந்தப் பணம் உதவும். அந்த மாற்றத்திலும் உடம்பு சண்டை போடும். ஹெலிகாப்டர் வேகத்தைப் பூஜ்யம் வரை குறைத்து அந்தரத்தில் நிற்கும். இறக்கை விமானம் அப்படிக் குறைத்தால் தூக்குவிசை அறுந்து விழும்.

விமானியாகவே பணியாற்றியவர் எப்படியும் ஏறிவிடுவார். என் கவலை, படையில் விமானத்தைப் பழுதுபார்த்தவரையும் லாரி ஓட்டியவரையும் பற்றியது. அவர்கள் தாண்ட வேண்டிய முதல் உரிமத்துக்குப் பத்தாயிரம் டாலரைத் தாண்டிச் செலவாவது சாதாரணம். 1948இன் பயம் நியாயமானதுதான். ஆசைக்குப் பறப்பவரையும் பிழைப்புக்குப் பறப்பவரையும் முதல் நாளில் பிரித்துப் பார்க்க முடியாது. அதற்காக முதல் படியையே அடைத்துவைக்க வேண்டியதில்லை. அந்தச் செலவை அரசு கடனாகக் கொடுக்கட்டும். கருவித் தேர்வில் தேறி வணிக உரிமம் வாங்கும் நாளில் அதைத் தள்ளுபடி செய்யட்டும்.