வயதானவர்களுக்குச் சிறுநீரகக் கட்டி: ஆபரேஷன் வேண்டுமா, எந்த வகை?



குடும்ப நலம் என்பது பிள்ளைப்பேறும் தடுப்பூசியும் மட்டும் அல்ல. வீட்டில் உள்ள வயதான தாய் தந்தையர், மாமனார் மாமியார் நலமும் அதில் சேர்ந்ததே. அவர்களுக்கு ஒரு பெரிய நோய் என்றால் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதும், டாக்டர் சொல்வதைக் கேட்டு வருவதும் உங்கள் இருவர் பொறுப்பாகிறது. அப்படி வரக்கூடிய நோய்களில் ஒன்று சிறுநீரகக் கட்டி. "வயசாயிருச்சு, இனிமே எதுக்குக் கத்தி?" என்று விட்டுவிடுவதும் தவறு; "உடனே வெட்டி எடுத்துருங்க" என்று அவசரப்படுவதும் தவறு. இரண்டுக்கும் நடுவே பல வழிகள் உண்டு.

சிறுநீரகம் என்பது எது?

கறிக்கடையில் 'குண்டிக்காய்' என்று கேட்டு வாங்குகிறோமே, அதே உறுப்புதான். மனிதருக்கு முதுகுப்புறம், விலா எலும்புகளை ஒட்டி, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இருக்கின்றன. ஒவ்வொன்றும் மூடிய கை அளவு இருக்கும். ரத்தத்தில் உள்ள கழிவை வடிகட்டி மூத்திரமாக வெளியேற்றுவது இவற்றின் வேலை.

கட்டி இருப்பதை எப்படி அறிவது?

தொடக்கத்தில் வலி இருக்காது. வேறு எதற்கோ வயிற்றை ஸ்கேன் செய்யும்போது தற்செயலாகத் தெரிவதே இப்போது அதிகம். ஆனால் ஓர் அடையாளத்தை மட்டும் மறக்கக் கூடாது. வலி இல்லாமல் மூத்திரத்தில் ரத்தம் போவதே அது.

வயலிலும் தென்னந்தோப்பிலும் நாள் முழுக்க வெயிலில் நிற்பவர்கள் மூத்திரம் சிவந்து போனால், "சூடு பிடிச்சிருக்கு, ரெண்டு இளநீர் குடிச்சாச் சரியாப் போகும்" என்பார்கள். இரண்டு நாளில் நிறம் தெளிந்துவிடும். இளநீர்தான் குணமாக்கியது என்று நினைப்பார்கள். கட்டியிலிருந்து வரும் ரத்தம் தானாக வரும், தானாக நிற்கும். ரத்தம் நின்றதால் நோய் போய்விட்டது என்று ஆகாது. கல், கிருமித் தொற்று போன்ற காரணங்களாலும் ரத்தம் வரலாம். எதனால் என்பது பரிசோதனையில்தான் தெரியும். ஆகவே ஒரே ஒரு தடவை வந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். விலாப்பக்கம் விடாத வலி, கைக்குத் தட்டுப்படும் கட்டி, காரணமில்லாமல் உடல் மெலிதல் ஆகியவையும் காட்ட வேண்டியவை. பீடி, சிகரெட், அதிக உடல் எடை, ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு கூடுதல்.

கட்டி என்றாலே புற்றுநோயா?

இல்லை. 4 சென்டிமீட்டருக்கு உட்பட்ட சிறு கட்டிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று புற்றுநோய் அல்லாதது. புற்றாக இருப்பவற்றிலும் சிறியவை பெரும்பாலும் மெதுவாகவே வளர்கின்றன. ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான். சி.டி. ஸ்கேன் எடுத்தால் அளவும் இடமும் தெரியும். சிலருக்கு ஊசி மூலம் துளி சதை எடுத்துப் பார்ப்பார்கள். "ஊசி குத்தினாப் பரவிரும்" என்று பயப்பட வேண்டாம். அப்படி நடப்பது மிக மிக அரிது.

நான்கு வழிகள்

1. கவனித்து வருதல். கட்டி சிறியது, பெரியவருக்கு இதயநோய் போன்ற வேறு தொல்லைகள் உண்டு என்றால், உடனே கத்தி வைக்காமல் சில மாதங்களுக்கு ஒருமுறை ஸ்கேன் செய்து பார்ப்பார்கள். வேகமாக வளர்ந்தால் மட்டும் சிகிச்சை. இதைக் கைவிட்டதாக எண்ணாதீர்கள். ஆனால் சொன்ன தேதியில் ஸ்கேனுக்குப் போயே ஆக வேண்டும்.

2. கட்டியை மட்டும் எடுத்தல். கட்டியையும் அதைச் சுற்றிக் கொஞ்சம் சதையையும் வெட்டி, மீதிச் சிறுநீரகத்தைத் தைத்து விடுவார்கள். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கும், ஒரே சிறுநீரகம் உள்ளவர்களுக்கும் இது மிகவும் பயன்படும். ரத்தக் கசிவு, மூத்திரக் கசிவு ஆகியவை இதில் சற்று அதிகம்.

3. முழுச் சிறுநீரகத்தையும் எடுத்தல். கட்டி பெரிதாகவோ, நடுவில் ரத்தக் குழாயை ஒட்டியோ இருந்தால் இதுவே வழி. மற்றச் சிறுநீரகம் நன்றாக இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்வார்கள்.

4. சுட்டோ உறையவைத்தோ அழித்தல். ஸ்கேனில் பார்த்தபடி தோல் வழியாக ஊசி செலுத்தி, கட்டியைச் சூட்டாலோ கடுங்குளிராலோ அழிப்பது. சிறு கட்டிக்கு, பெரிய ஆபரேஷன் தாங்காத பெரியவர்களுக்கு ஏற்றது. கட்டி திரும்ப வரும் வாய்ப்பு ஆபரேஷனைவிடச் சற்று அதிகம். எல்லா ஊரிலும் இந்த வசதி இல்லை.

நோய் வேறு உறுப்புகளுக்குப் பரவியிருந்தால் மருந்துச் சிகிச்சை முக்கியமாகிறது. அதற்கு டாக்டர் தனியாக வழி சொல்வார்.

வயிற்றைத் திறந்துதான் செய்ய வேண்டுமா?

திறந்தும் செய்யலாம். சிறு துளைகள் போட்டுக் கேமரா மூலம் பார்த்து, லேப்ராஸ்கோப்பி முறையிலும் செய்யலாம். இம்முறையில் முதன்முதலாகச் சிறுநீரகம் எடுக்கப்பட்டது 1990-இல், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், டாக்டர் கிளேமன் குழுவினரால். நோயாளி 85 வயது மூதாட்டி! 190 கிராம் எடையுள்ள சிறுநீரகத்தை உள்ளேயே பைக்குள் போட்டுச் சிதைத்து, 11 மில்லிமீட்டர் துளை வழியாக வெளியே எடுத்தார்கள். துளை முறையில் வலி குறைவு, எழுந்து நடப்பதும் சீக்கிரம். ரோபோ இயந்திரத் துணையோடு செய்யும் வசதி, சென்னை ஓமந்தூரார் அரசு பல்நோக்கு உயர்சிறப்பு மருத்துவமனையில் 2022-இல் தொடங்கப்பட்டது. ஆனால் எல்லாக் கட்டிக்கும் துளை முறை ஒத்துவராது. எந்த முறையானாலும் டாக்டருக்குப் பழக்கமானதாக இருப்பது நல்லது.

"எழுபது வயசுக்கு மேல தாங்குமா?"

வயதை மட்டும் வைத்து யாரும் முடிவு சொல்வதில்லை. எழுபத்தைந்து வயதிலும் தோப்புக்கு நடந்து போய் வருபவர் தாங்குவார். அறுபதிலேயே நாலு படி ஏற மூச்சு வாங்குபவருக்கு யோசிக்க வேண்டும். இதயம், நுரையீரல், சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, சிறுநீரகத்தின் வேலைத்திறனைக் காட்டும் கிரியாட்டினின் ஆகியவற்றைச் சோதித்த பிறகே மயக்கமருந்து டாக்டர் சம்மதிப்பார். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்; தானாக நிறுத்தக் கூடாது. பீடி, சிகரெட்டை அன்றே விட வேண்டும்.

"ஒண்ணை எடுத்துட்டா ஆளு பிழைக்குமா?"

பிழைக்கலாம். உயிரோடிருப்பவர் தந்த சிறுநீரகத்தைப் பொருத்தும் சிகிச்சை, 1971-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வெற்றிகரமாக நடந்தது. அன்று முதல் எத்தனையோ பேர் ஒன்றைத் தானம் கொடுத்துவிட்டு மற்றதைக் கொண்டு வாழ்கிறார்கள். ஆனால் தானம் செய்பவர் நோயற்றவர். வயதானவரின் மீதிச் சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்திருக்கலாம். அதனால்தான் முடிந்தவரை கட்டியை மட்டும் எடுக்கப் பார்க்கிறார்கள்.

எங்கே போவது?

கூமாப்பட்டிப் பக்கத்தார் முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, வத்திராயிருப்பு அரசு மருத்துவமனையிலோ காட்டுங்கள். அங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், அல்லது 2022-இல் திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அல்லது மதுரை அரசு இராசாசி மருத்துவமனை என்று தேவைக்கேற்ப அனுப்புவார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை, குடும்ப அட்டை, ஆதார், பழைய ஸ்கேன் படங்கள், சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். தோப்பை அடமானம் வைக்கும் முன் காப்பீட்டுப் பிரிவில் ஒரு வார்த்தை கேளுங்கள்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை

* கட்டி எத்தனை சென்டிமீட்டர்? பரவியிருக்கிறதா?
* சிறிது காலம் கவனித்து வந்தால் என்ன ஆகும்?
* கட்டியை மட்டும் எடுக்க முடியுமா? முடியாது என்றால் ஏன்?
* மற்றச் சிறுநீரகம் எப்படி இருக்கிறது?
* ஆபரேஷனில் இவருக்கு உள்ள ஆபத்து என்ன?

கேட்பது உங்கள் உரிமை. விளங்கும்வரை கேட்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு

டாக்டர் சொன்னதும் எழுப்பி நடக்க வைக்க வேண்டும். படுத்தே கிடந்தால் சளி கட்டும், காலில் ரத்தம் உறையும். மூச்சுப் பயிற்சியை விடக் கூடாது. ஏறக்குறைய ஆறு வாரத்துக்குத் தண்ணீர்க் குடமோ உர மூட்டையோ தூக்கக் கூடாது. கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையும், என்னவென்று தெரியாத பஸ்பமும் மீதிச் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். காய்ச்சல், புண்ணில் சீழ், மூத்திரம் குறைதல், மூத்திரத்தில் ரத்தம் ஆகியவை கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பிறகும் ஆண்டுக்கணக்கில் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் தொடர வேண்டும்.

கடைசியாக ஒன்று. "பெரியவருக்குச் சொன்னா மனசு ஒடிஞ்சிருவாரு" என்று மறைப்பவர்கள் உண்டு. உடம்பு அவருடையது. கணவனும் மனைவியும் கலந்து பேசுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து பெரியவருக்கும் எடுத்துச் சொல்லுங்கள். அவர் பயப்படுவது கத்திக்கா, செலவுக்கா, உங்களுக்குப் பாரமாகிவிடுவோம் என்பதற்கா என்பது அப்போது தெரியும். அதன் பின் எடுக்கும் முடிவே அவருக்கும் உங்களுக்கும் நிம்மதி தரும்.