காத்திருக்க வைக்கும் கலை

கோடை விடுமுறை பிறந்ததும் என் தங்கை மகனை அழைத்துக்கொண்டு ஓர் அமெரிக்க சாகசப் படத்துக்குப் போவது எங்கள் வீட்டில் சில ஆண்டுகளாக நிலைத்துவிட்ட வழக்கம். சென்ற முறை படம் முடிந்து, விளக்குகள் எரிந்து, உழைத்தவர்களின் பெயர்கள் ஆயிரக்கணக்கில் திரையில் ஏறிக்கொண்டிருந்தபோது நான் எழுந்தேன். பையன் என் கையைப் பிடித்து இழுத்து, "மாமா, உக்காருங்க, கடைசியில இன்னொரு சீன் இருக்கு" என்றான். சுற்றிலும் பார்த்தேன், ஒருவரும் எழுந்திருக்கவில்லை. நெடுநேரம் கழித்து வந்த அந்தக் காட்சி, அடுத்த படத்தில் வரப்போகிற யாரோ ஒருவனின் முகத்தைக் காட்டிவிட்டு மறைந்தது. இரண்டரை மணி நேரம் பார்த்த படத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், இனி வரப்போகும் படத்தைப் பற்றியே பேசிக்கொண்டு ஜனங்கள் படியிறங்கியதைக் கண்டபோதுதான், பல நாளாக என் மனத்தில் உருவமின்றிக் கிடந்த ஒரு குறை வார்த்தையாகத் திரண்டது.

பிரம்மாண்டமான படங்களைக் கண்டாலே முகம் சுளிக்கும் கூட்டத்தைச் சேர்ந்தவன் அல்லன் நான். பல நூறு கலைஞர்களின் உழைப்பும், கணக்கற்ற பணமும், யந்திர சாதுரியமும் ஒன்றுகூடி, இருட்டில் அமர்ந்திருக்கும் அத்தனை பேரையும் ஒரே கணத்தில் மூச்சடைக்கச் செய்வது கலையின் பெரும் சித்திகளில் ஒன்று என்றே நம்புகிறேன். ஆனால் அந்தச் சித்தி பணத்தால் மட்டும் கைகூடுவதன்று. ரசிகனைக் காத்திருக்க வைக்கத் தெரிந்த கைக்கே அது வசப்படும். படத்தின் உள்ளே இருந்த அந்தக் காத்திருப்பு, இப்போது படத்தைவிட்டு வெளியேறி, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே போய்க் குடியேறிவிட்டது என்பதே என் அபிப்பிராயம்.

அமெரிக்காவில் கோடைக்கும் சினிமாவுக்கும் ஏற்பட்ட உறவு குளிர்ச்சியில் தொடங்கியது. 1925 மே மாதக் கடைசியில் நியூயார்க் நகரின் ரிவோலி தியேட்டரில் வில்லிஸ் கேரியர் என்ற பொறியியலாளர் தம் குளிர்சாதனத்தை நிறுவியபோது, புழுக்கத்துக்கு அஞ்சிக் கோடையில் தியேட்டர்ப் பக்கம் வராதிருந்த ஜனங்கள் அந்தக் குளிர்ச்சியை நாடியே வரத் தொடங்கினார்கள். ஆயினும் பெரிய படங்களைக் கோடைக்கென்றே தயாரிக்கும் வழக்கம் வேரூன்ற இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று. முக்கியமான படத்தை முதலில் பெருநகரங்களின் சில தியேட்டர்களில் மட்டும் திரையிட்டு, பார்த்தவர்களின் வாய்மொழியால் பெயர் பரவப் பரவ மற்ற ஊர்களுக்கு அனுப்புவதே பெரும்பாலும் அந்நாளைய சம்பிரதாயம். 1975 ஜூன் 20-ஆம் தேதி யூனிவர்ஸல் நிறுவனம், தொலைக்காட்சியில் பெருந்தொகை செலவிட்டு விளம்பரம் செய்து, சுறாவைப் பற்றிய 'ஜாஸ்' படத்தை 400-க்கும் மேற்பட்ட தியேட்டர்களில் ஒரே நாளில் வெளியிட்டு அந்தச் சம்பிரதாயத்தை மாற்றியது. 1977 மே 25-இல் 'ஸ்டார் வார்ஸ்' வந்தது. தொடர்ச்சிப் படங்களுக்கும் பொம்மை முதலிய சரக்குகளுக்கும் உரிய உரிமைகளைத் தம்மிடமே வைத்துக்கொண்ட ஜார்ஜ் லூகாஸ், ஒரு படம் எத்தனை கிளைகளாகப் பெருகக்கூடும் என்பதைத் தொழிலுக்குக் காட்டினார்.

'ஜாஸ்' படத்தின் வெற்றியிலிருந்து வியாபாரிகள் எடுத்துக்கொண்டது வெளியீட்டு முறையை. அதன் உயிர்நிலையோ அது எடுக்கப்பட்ட விதத்தில் இருந்தது. மாசசூஸெட்ஸ் மாகாணத்தின் மார்த்தாஸ் வின்யார்ட் தீவுக் கடலில், அப்போது 27 வயது இளைஞரான ஸ்டீவன் ஸ்பீல்பெர்க், 55 நாட்களில் முடித்துவிடலாம் என்று தொடங்கிய படப்பிடிப்பு 159 நாட்கள் நீண்டது. சுமார் 40 லட்சம் டாலர் என்று போட்ட கணக்கு 90 லட்சத்தைத் தொட்டது. படக்குழுவினர் புரூஸ் என்று செல்லப்பெயரிட்டு அழைத்த யந்திரச் சுறா, கடலின் உப்புநீர் பட்டதும் மறுபடி மறுபடி பழுதாகிப் படுத்துக்கொண்டதே இதற்கு முக்கிய காரணம். சுறாவைக் காட்ட வழியில்லாத இயக்குநர், சுறா அங்கே இருப்பதை உணர்த்த வழி தேடினார். நீர்மட்டத்தில் தவழும் காமிரா, ஜான் வில்லியம்ஸின் இசையில் மாறி மாறி ஒலிக்கும் இரண்டு ஸ்வரங்கள், சுறாவின் உடலில் ஈட்டியால் பிணைக்கப்பட்டு அலைமீது விரையும் மஞ்சள் பீப்பாய்கள் ஆகியவையே சுறாவாக மாறின. படம் தொடங்கி ஏறத்தாழ 1 மணி 20 நிமிஷம் கழிந்த பிறகுதான் அதன் தலை நம் முகத்துக்கு நேராக, தெளிவாக எழுகிறது. தெருக்கூத்தில் இருவர் பிடித்த திரைக்குப் பின்னால் நின்று பாடும் ராஜ வேஷத்தை, கிரீடத்தின் நுனியும் சலங்கைக் காலும் மட்டும் தெரிய, விடிய விடிய விழித்திருந்து பார்த்தவர்களுக்கு இந்த உத்தியின் வலிமையை விளக்க வேண்டியதில்லை.

அதே இயக்குநர் 1993-இல் 'ஜுராஸிக் பார்க்' எடுத்தபோது, நினைத்ததையெல்லாம் காட்டும் சக்தி அவருக்கு வந்துவிட்டது. அப்படியிருந்தும் 127 நிமிஷப் படத்தில் டைனோஸர்கள் தோன்றுவது சுமார் 15 நிமிஷந்தான். அவற்றுள் பெரிய வேட்டை மிருகம் முதன்முதலாக வரும் இரவை நினைத்துப் பாருங்கள். மழை பெய்கிறது, கார் நின்றுபோயிருக்கிறது, முன்பலகைமேல் வைத்த கோப்பையில் உள்ள தண்ணீரில் வட்டமாக ஒரு சிற்றலை தோன்றி அடங்குகிறது. பிறகு இன்னொன்று. காரின் முன்பலகையோடு ஒரு கிதார்த் தந்தியைப் பிணைத்து, கீழே படுத்திருந்த ஒருவர் அதை மீட்டியே அந்த வளையங்கள் உண்டாக்கப்பட்டன. ஸ்டான் வின்ஸ்டனின் பட்டறையில் உருவான முழு அளவு யந்திர மிருகம், மழையில் அதன் ரப்பர்த் தோல் நீரைக் குடித்துக் கனத்து நடுங்கியதால், இடையிடையே துடைத்து உலர்த்தப்பட வேண்டியிருந்தது. அத்தனை பெரிய யந்திரம் செய்யும் வேலையின் பாதியை ஒரு தந்தியும் ஒரு கோப்பைத் தண்ணீரும் முன்னதாகவே செய்துவிடுகின்றன. மிருகம் வந்து நிற்கும்போது அதற்கு வேண்டிய பயம் நம் நெஞ்சில் தயாராக இருக்கிறது.

இந்தப் பொறுமை ஏன் தேய்ந்தது என்றால், அதற்குக் கலைஞர்களின் திறமைக் குறைவு காரணமன்று. ஒரு படத்துக்கு 20 கோடி டாலர் செலவாகி, விளம்பரத்துக்கும் பல கோடி தேவைப்படும்போது, ஜனங்கள் முன்பே அறிந்த பெயரைத் தவிர வேறொன்றை நம்ப முதலாளிகளுக்குத் துணிவு வருவதில்லை. டிஸ்னி நிறுவனம் 2009-இல் மார்வெல் நிறுவனத்தையும் 2012-இல் லூகாஸ்ஃபிலிமையும் ஒவ்வொன்றும் சுமார் 400 கோடி டாலருக்கு வாங்கியது அத்தகைய பெயர்களுக்காகவே. 2014 அக்டோபரில் மார்வெல் நிறுவனத்தார் ஒரே மேடையில் 2019 வரையிலான படங்களின் பெயர்களையும் வெளியீட்டு நாட்களையும் அறிவித்தார்கள். கதை பிறக்குமுன் தேதி பிறந்துவிட்டால், கதை தன் இயல்பான முடிவைத் தேடிச் செல்ல இயலாது. அடுத்த தேதிக்கு வழிவிட்டு ஒதுங்குவதே அதன் கடமையாகிவிடுகிறது. செத்தவன் மீண்டும் வருவான் என்று அறிந்தவனுக்குச் சாவில் சோகமில்லை. வானம் பிளந்து நகரம் சரியும் காட்சியை முன்னோட்டத்திலேயே பார்த்துவிட்டவனுக்கு அதில் வியப்புமில்லை. எல்லாவற்றையும் முதலிலேயே கொடுத்துவிட்டு, முடிவை மட்டும் கொடுக்க மறுப்பது ரசிகனுக்குச் செய்யும் நியாயம் ஆகாது.

தொடர்ப் படம் என்பதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. ஜார்ஜ் மில்லர் தமது 70-ஆம் வயதில், 2015 மே மாதத்தில் வெளியிட்ட 'மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோட்', 1979-இல் அவரே தொடங்கிய வரிசையின் நான்காவது படம். முந்தைய மூன்றையும் பார்க்காதவனும் அதைப் பூரணமாக அனுபவிக்கலாம். நமீபியப் பாலைவனத்தில் மெய்யான வண்டிகளை ஓட்டி எடுத்த அந்தத் துரத்தலில், ஃப்யூரியோஸா என்ற பெண் தன் பெரிய லாரியில் ஒளித்துக் கொண்டுபோகிறவர்களைப் புழுதிப்புயல் ஓயும்வரை நேராகக் காட்டாமல் வைத்திருக்கிறார் மில்லர். 2019 ஏப்ரலில் வந்த 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' மார்வெல் நிறுவனம் 2008-இல் தொடங்கிய சங்கிலியின் 22-ஆவது கண்ணி, அந்தச் சங்கிலியை ஆரம்பித்துவைத்த நாயகனே அதில் உயிர் நீத்தான், பெயர்கள் ஓடி முடிந்த பிறகு அடுத்த படத்தைக் காட்டும் காட்சி ஒன்றும் வரவில்லை. உலகெங்கும் சுமார் 280 கோடி டாலர் ஈட்டிய அந்தப் படத்தில் ஜனங்கள் அழுதது, 11 ஆண்டுகள் காத்திருந்தவர்களுக்கு ஒரு முடிவு மனமாரக் கொடுக்கப்பட்டதனால்தான். முடித்துவைப்பதால் லாபம் குன்றாது என்பதற்கு இதைவிடச் சாட்சியம் வேண்டியதில்லை.

படியிறங்கி வந்த அந்த வார முடிவில் பையனை உட்காரவைத்து, வீட்டுத் தொலைக்காட்சியில் 'ஜுராஸிக் பார்க்' போட்டேன். சிறிய திரை; அவன் பிறப்பதற்குப் பல ஆண்டுகள் முந்திய படம். வெகு நேரம் கையில் செல்போனை வைத்துக்கொண்டு புரட்டிக்கொண்டிருந்தவன், கோப்பைத் தண்ணீரில் வளையம் தோன்றியபோது அதைக் கீழே வைத்துவிட்டுக் கால்களைச் சோபாவின் மேலே இழுத்துக்கொண்டான். படம் முடிந்ததும் தந்தி மீட்டிய கதையைச் சொன்னேன்.

மறுநாள் காலையில் சாப்பாட்டு மேஜைமேல் ஒரு டம்ளரில் தண்ணீரை வைத்துக்கொண்டு, மேஜையின் அடிப்பக்கத்தை விரலால் தட்டுவதும், குனிந்து தண்ணீரைப் பார்ப்பதுமாக இருந்தான். வெகு நேரம் தட்டிய பிறகு நடுவில் சின்னதாக ஒரு வளையம் பிறந்து விளிம்புவரை விரிந்தது. "ஒண்ணுமே வரல மாமா, ஆனாலும் பயமா இருக்கு" என்றான்.