நரம்பு நலிந்த குழந்தைகளும் மின் சிகிச்சையும்

இறந்த தவளையின் கால் மின்சாரத்தாற் துடித்ததை இத்தாலிய அறிஞர் கல்வானி 1791இல் எழுதி வெளியிட்டார். பின்னர் பிரான்சிய வைத்தியர் டுஷேன், தோலின்மீது மின்முனைகளை வைத்துத் தசைகளைத் தனித்தனியே இயக்கும் முறையை 1855இல் நூலாக்கினார்.

பிள்ளைப்பேற்றின்போது தோள் தடையுண்டு, கழுத்திலிருந்து கைக்குச் செல்லும் நரம்புகள் இழுபட்டால் சிசுவின் கை துவண்டுவிடும். இதனைச் சுளுக்கென்றெண்ணி எண்ணெய் தேய்த்துக் காலங்கடத்துவோரை றொசல்லத் தோட்ட லயங்களில் நாம் கண்டதுண்டு. பல குழந்தைகளுக்கு அது தானாகவே தேறிவிடுவதே இம்மயக்கத்துக்குக் காரணம். தேறாத கையின் நிலை வேறு. சேதமுற்ற நரம்பிழை நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றரே வளரும். கழுத்திலிருந்து மேற்கைத் தசையை எட்ட மாதங்கள் பல செல்லும். அதற்குள் தசை மெலிந்துவிடும். அவ்விடைக்காலத்தில் தசையைச் சுருங்கச் செய்து பேணுவதே மின்தூண்டலின் நோக்கம். நரம்புள்ள தசைக்குச் செக்கனின் ஆயிரத்திலொரு பங்கிலும் குறுகிய மின்துடிப்பே போதும். நரம்பிழந்த தசைக்கோ அதனினும் நூறு மடங்குக்கு மேல் நீண்ட துடிப்பு வேண்டும். ஆகையால், நோவு தணிக்கவென்று கடைகளில் விற்கும் சிறு கருவிகள் இதற்கு உதவா.

தோலின்மீது பாய்ச்சும் மின்சாரம் நரம்பை விரைந்து வளர்க்குமென்பது இன்னும் உறுதிப்படவில்லை. மூட்டுக்கள் இறுகாவண்ணம் தாய் நாள்தோறும் கையை மெல்ல நீட்டி மடக்குவதே முதன்மையானது. மின்சாரம் அதற்குத் துணை மாத்திரமே. மூன்று மாதமாகியும் குழந்தை முழங்கையை மடக்காவிடின் நிபுணரிடம் காட்டல் வேண்டும். றொசல்ல நிலையத்திற் புகைவண்டி ஏறுவோர் பேராதனையில் இறங்கி, அங்குள்ள சிறுவர் வைத்தியசாலையை அடையலாம்.